தற்குறி முதல் கைரேகை வரை

போன நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வங்கிக்குப் போயிருந்தேன். எங்களைப் போன்ற மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் என்றால் அதுதான் வேலை. கிழக்குத் தாம்பரத்தில் அன்று நல்ல மழை. நனைந்த குடையை ஓரமாக வைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மாள், குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர். அவருடைய கட்டைவிரலை அந்தச் சின்ன இயந்திரம் ஏற்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக, "பாட்டி, கையை நல்லா தொடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க" என்றாள். நாலாவது தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "நான்தான் உயிரோட உன் எதிர்லயே நிக்கிறேனே, என்னை விட்டுட்டு ரேகையை எதுக்குடி கேக்குற?" என்றார்.

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எதிரில் நிற்கும் ஆளை நம்பாமல் ரேகையைக் கேட்கும் வழக்கம் எப்படி வந்தது? கொஞ்சம் தேடிப் படித்தேன். அது நம் நாட்டிலேயே தொடங்கிய வழக்கம். அதற்கு ஒரு காரணம், நம்மைப் போன்ற ஓய்வூதியர்கள்தான். கூடவே, தாம்பரம் பக்கத்து மனை ஒன்றில் என் நண்பருக்கு நேர்ந்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். நண்பர் அனுமதி கொடுத்துவிட்டார்; பெயர் வேண்டாம் என்றார்.

நண்பர் ரயில்வேயில் இருந்தவர். 1983-இல் மாடம்பாக்கம் பக்கம் ஒரு லே-அவுட்டில் ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். பிறகு வேலை அவரை நாக்பூர், ஜபல்பூர் என்று வடக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. 2009-இல் ஓய்வு பெற்று சேலையூரில் வாடகைக்கு வந்து இறங்கினார். வீடு கட்டலாம் என்று 2010 தை மாதத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், இரண்டு வரி கூடுதலாக இருந்தது. 2006-இல் அவரே ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம், நாம் 'பவர்' என்போமே அது, எழுதிக் கொடுத்ததாக ஒரு வரி. 2007-இல் அந்தப் பவரை வைத்து மனை விற்கப்பட்டதாக இன்னொரு வரி.

நகல் வாங்கிப் பார்த்தார். பெயர் அவருடையது. தகப்பனார் பெயர் சரி. பிறந்த ஊர் சரி. வயதுகூடச் சரி. ஒட்டியிருந்த புகைப்படம் மட்டும் யாரோ ஒருவருடையது. நண்பர் வாழ்நாள் முழுவதும் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டவர். பத்திரத்தில் இருந்ததோ குண்டு குண்டான தமிழ்க் கையெழுத்து. பக்கத்தில் ஒரு இடது கட்டைவிரல் ரேகை.

புகைப்படத்தில் இருந்தவரைப் பார்த்த மாத்திரத்தில் நண்பருக்கு ஒன்று புரிந்துவிட்டது. முன்பின் தெரியாத இந்த ஆளுக்கு என் அப்பா பெயரும் என் வயதும் நான் ஊரில் இல்லை என்பதும் எப்படித் தெரியும்? தெரிந்தவர் யாரோ சொல்லியிருக்க வேண்டும். பட்டா மாற்றுவதற்காக 2004-இல் அவர் அக்கா மகனிடம் பத்திரத்தின் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு நகல் எல்லாம் கொடுத்திருந்தார். சந்தேகம் நேரே அங்கே போய் நின்றது.

இங்கே நண்பரின் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பின்னால் போகிறேன். ஏனென்றால், அவருக்கு முன்னால் அன்று இருந்த கேள்வி மிகப் பழையது.

இன்னொருவர் பெயரில் ஓலை எழுதுவது நம் ஊரில் சோழர் காலத்திலேயே உண்டு. நமக்கு அதிகத் தூரமில்லாத உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். சபை வாரியத்துக்கு யார் யார் நிற்கக் கூடாது என்று அவற்றில் ஒரு பட்டியல் வருகிறது. அதில் 'கூடலேகை' செய்தவர்களும் அடக்கம். கூடலேகை என்றால் பொய் ஆவணம், கள்ளக் கையெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு முன்பே விலக்கிவைக்கும் அளவுக்கு அந்தக் குற்றம் ஊரில் பழக்கமாக இருந்திருக்கிறது!

'தற்குறி' என்ற சொல்லையும் பாருங்கள். இன்று அது வசைச்சொல். அதன் பழைய பொருள் தன் குறி, அதாவது எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் தன்னுடைய அடையாளம். ஒருவர் கீறிய குறி அவருடையதுதான் என்று எழுதத் தெரிந்த இன்னொருவர் சாட்சி எழுதுவார். இதற்குத் 'தற்குறி மாட்டெறிதல்' என்று பெயர். ஆக, குறியைவிட முக்கியம், 'இவர்தான் அவர்' என்று சொல்லும் தெரிந்த மனிதர். இன்று பத்திரப்பதிவில் இரண்டு பேர் அடையாள சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறார்களே, அதுவும் இதே ஏற்பாடுதான். ஊர் சிறியதாக இருந்தவரை இது நன்றாக வேலை செய்தது. அதே தெரிந்த மனிதர் பொய் சொன்னால்? அந்த ஓட்டையை அடைக்க வழி இல்லாமல்தான் இருந்தது.

வழி வங்காளத்தில் பிறந்தது. 1858-இல் முர்ஷிதாபாத் அருகே ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் அதிகாரி இருந்தார். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தாரே, அந்த ஹெர்ஷலின் பேரன். சாலை போடச் சரளை கொடுப்பதற்காக ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் எழுதினார். பிறகு 'இது என் கையெழுத்து இல்லை' என்று கோனாய் சொல்லிவிடக் கூடாதே என்று, அலுவலக முத்திரை மையை அவர் உள்ளங்கையில் தடவி ஒப்பந்தத்தின் பின்புறம் பதிய வைத்தார். அப்போது அது அறிவியல் ஒன்றுமில்லை. மிரட்டி வைக்கும் ஒரு உபாயம், அவ்வளவுதான். ஆனால் ஹெர்ஷலுக்கு அதில் ஆர்வம் பிடித்துவிட்டது. வருடக்கணக்காகத் தன் ரேகையையும் நண்பர்கள் ரேகையையும் எடுத்து எடுத்துப் பார்த்தார். வயது ஏறினாலும் ரேகை மாறவில்லை.

1877-இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது அதை அரசு வேலையில் புகுத்தினார். எங்கெல்லாம் தெரியுமா? பத்திரப்பதிவில் ஒன்று, சிறையில் ஒன்று, ஓய்வூதியம் கொடுக்கும் இடத்தில் ஒன்று. ஓய்வூதியர் இறந்த பிறகு வேறு யாராவது வந்து 'நான்தான் அவர்' என்று நின்று பணம் வாங்கும் பயம் இருந்தது. அப்படி வருகிறவர் வழிப்போக்கராக இருக்க முடியாது; இறந்தவரின் பெயரும், எந்தத் தேதியில் எவ்வளவு பணம் என்பதும் தெரிந்தவராகத்தான் இருக்க முடியும். பெரும்பாலும் வீட்டு ஆள். அந்த அம்மாளின் கேள்விக்கு விடை இதுதான். 'பாட்டி, உங்களை நம்பாமல் கேட்கவில்லை. உங்கள் பெயரில் வேறு ஒருவர் வந்து நிற்கக் கூடாதே என்று கேட்கிறோம்.'

ஹெர்ஷல் ஊர் திரும்பிய பிறகு அந்த வழக்கம் தேய்ந்துபோயிற்று. இருபது வருடம் கழித்து வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றி அதைத் திரும்ப எடுத்தார். ஆயிரக்கணக்கான ரேகைகளில் ஒன்றைச் சட்டென்று தேடி எடுக்கும் வகைப்பாட்டு முறைக்கு அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள் மூளையைக் கசக்கினார்கள். முறைக்குப் பெயர் என்னவோ 'ஹென்றி முறை' என்றே நிலைத்துவிட்டது. ஒருவர் உழைப்பு இன்னொருவர் பெயரில் பதிவான கதை! 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் திறக்கப்பட்டது. லண்டனின் ஸ்காட்லாந்து யார்டில் அது வந்தது 1901-இல்தான்.

அதே 1897-இல் ஜல்பைகுரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையானார். பெட்டி உடைந்து கிடந்தது, பணம் இல்லை. சந்தேகம் யார் யார் மேல் போயிற்று என்று படித்தபோது எனக்கு நண்பர் ஞாபகம்தான் வந்தது. முதலில் தோட்டக் கூலிகள். பிறகு சட்டையில் கறை இருந்த சமையல்காரர். பிறகு மேலாளரோடு தொடர்பில் இருந்த ஒரு பெண்ணின் உறவினர்கள். பிறகு அந்தப் பக்கம் சுற்றித்திரிந்த காபூலிக்காரர்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு காரணம் சொல்ல முடிந்தது. ஆனால் பெட்டியில் இருந்த ஒரு வங்காளப் பஞ்சாங்கத்தின் மேலட்டையில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. கல்கத்தா கூடத்தில் தேடியபோது, காங்காலி சரண் என்பவரின் ரேகையோடு அது பொருந்தியது. மேலாளரிடம் முன்பு வேலை பார்த்து, திருட்டுக்காகச் சிறை போய் வந்தவர்.

வழக்கு முடிவு இன்னும் சுவையானது. ரேகை அவர் அந்தப் பஞ்சாங்கத்தைத் தொட்டதைத்தான் காட்டுகிறது, கொலை செய்ததைக் காட்டவில்லை என்று கூறி, 1898-இல் நீதிமன்றம் அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, திருட்டுக்கு மட்டும் தண்டித்தது. ரேகை எதைச் சொல்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு ரேகை ஒருவரைக் காட்டிக்கொடுத்தது. சமையல்காரர் முதலான எத்தனையோ பேரைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றவும் செய்தது. கைரேகையின் இந்த இரண்டாவது பயனை நாம் அதிகம் பேசுவதில்லை. அடுத்த ஆண்டே, 1899-இல், சாட்சியச் சட்டத்தைத் திருத்திக் கைரேகை நிபுணரின் கருத்தையும் நீதிமன்றம் ஏற்கலாம் என்று செய்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். இன்றும் நடப்பில் இருக்கும் பதிவுச் சட்டம் 1908-ஆம் ஆண்டுச் சட்டம். எதிரில் நிற்பவர் பத்திரத்தில் சொல்லப்பட்டவர்தானா என்று சார்பதிவாளர் திருப்தியடைய வேண்டும் என்கிறது 34-ஆம் பிரிவு. ஆள்மாறாட்டம் செய்தால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது 82-ஆம் பிரிவு. 2001-இல் சேர்த்த 32-ஏ பிரிவு, பத்திரத்திலேயே புகைப்படமும் கைரேகையும் வேண்டும் என்றது. சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் சார்பதிவாளருக்கு நம்மைத் தெரியாது. நண்பரின் பத்திரம் பதிவான காலத்தில் அவர் அடையாள அட்டையையும் இரண்டு சாட்சிகளையும்தான் பார்த்தார். ரேகை ஏட்டில் ஏறியது. அன்றைய தினம் அதை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பூட்டு என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு சாட்சி. குற்றம் நடந்த பிறகுதான் பேசும்.

தாம்பரத்தைச் சுற்றி இது ஏன் இவ்வளவு நடந்தது என்பது உங்களில் பலருக்குச் சொல்லாமலே தெரியும். 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் வந்ததிலிருந்தே இந்தப் பக்கம் பட்டணத்து வேலைக்காரர்கள் குடியேறும் இடம். எழுபது, எண்பதுகளில் சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று ஏரிக்கரையும் வயலும் லே-அவுட் ஆயின. தபால், தொலைபேசி, ரயில்வே, வங்கி என்று வேலை பார்த்த நாம் சீட்டுப் பணத்திலும் பி.எஃப். கடனிலும் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டோம். நாலு மூலையில் கல் நட்டோம். பிறகு மாற்றலாகிப் போனோம். பத்து வருடம், இருபது வருடம் கருவேல முள்தான் காவல். பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் வந்து விலை ஏறியபோது, மனைக்குச் சொந்தக்காரர் பலர் வெளியூரில் இருந்தார்கள்; சிலர் காலமாகியிருந்தார்கள்; பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள்.

மோசடி செய்பவருக்குத் தேவை மூன்று. ஆள் ஊரில் இல்லை என்ற செய்தி, பத்திரத்தின் நகல், சொந்தக்காரரின் சொந்த விவரம். இந்த மூன்றும் முன்பின் தெரியாதவருக்குக் கிடைப்பது கஷ்டம். வேலி போட்டவர், வரி கட்டிக் கொடுத்தவர், பக்கத்து மனைக்காரர், தரகர், உறவுக்காரர் இவர்களில் ஒருவரிடமிருந்துதான் போக வேண்டும். அலுவலகத்தில் போய் நிற்பவர் கூலிக்கு வந்த அந்நியர். நம்மை அவருக்குக் காட்டிக்கொடுத்தவர் நமக்குத் தெரிந்தவர்.

நண்பர் இதைச் சரியாகவே ஊகித்தார். ஆள் யார் என்பதில்தான் தவறினார். நகல் கைக்கு வந்த அன்று இரவே அக்கா மகனுக்குப் போன் போட்டுக் கத்திவிட்டார். "மாமா, நான் பட்டா ஆபீஸ்ல குடுத்ததோட சரி" என்று அவன் சொன்னது இவர் காதில் ஏறவில்லை. அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். அந்த ஆவணியில் அக்கா மகனுக்குக் கல்யாணம். குரோம்பேட்டையில் மண்டபம். பத்திரிகை வந்தது, இவர் போகவில்லை. தாய்மாமன் மாலை போட வேண்டிய நேரத்தில் ஒன்றுவிட்ட மாமா ஒருவரை மேடைக்கு ஏற்றினார்கள். நான் போயிருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்.

புகார் கொடுக்கப் போன இடத்தில் 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பினார்கள். 2011 ஜூலையில் தமிழக அரசு நில அபகரிப்புத் தடுப்புத் தனிப் பிரிவுகளைத் தொடங்கியது. அங்கே மறுபடி மனு கொடுத்தார். சார்பதிவாளர் அலுவலகக் கைரேகைப் பதிவேட்டில் இருந்த ரேகையை நண்பரின் ரேகையோடு நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். அவருடையது இல்லை என்பது உறுதியானது. சில மாதம் கழித்து, வேறொரு ஆள்மாறாட்ட வழக்கில் பிடிபட்ட ஒருவரின் ரேகையோடு அது பொருந்தியது. அவர் வாயைத் திறந்தார். தன்னை அழைத்து வந்தது யார், சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார் என்று சொன்னார். நண்பரின் மனையில் வருடா வருடம் முள் வெட்டி, காலிமனை வரி கட்டி, பொங்கலுக்கு வேட்டி வாங்கிக்கொண்டு போன ஒரு பெரியவர் உண்டு. அவருடைய மகன்தான் அது. வரி கட்டுவதற்காக நண்பரே கொடுத்து வைத்த நகல்கள் அந்த வீட்டில் இருந்தன. சாட்சியாக அவன் பெயர் 2010-இல் வாங்கிய நகலிலேயே, கடைசிப் பக்கத்தில் இருந்தது. கோபத்தில் நண்பர் கடைசிப் பக்கத்தைப் படிக்கவே இல்லை.

2012-இல் நண்பர் அக்கா வீட்டுக்குப் போனார். என்னையும் கூட அழைத்துப் போனார், தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை. அக்கா மகன் காபி கொடுத்து, "பரவாயில்ல மாமா, விடுங்க" என்றான். அக்கா மட்டும், "அவனைக் கேக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றார். மனையை மீட்க உரிமையியல் நீதிமன்றத்தில் இன்னும் ஆறு வருடம் ஆயிற்று. தீர்ப்பு வந்தது, மனை வந்தது. அந்தக் கல்யாண போட்டோ ஆல்பத்தில் தாய்மாமன் இடத்தில் இருப்பது இன்றும் வேறு ஒருவர்தான்.

அதன்பின் சட்டமும் ஏறி இறங்கித்தான் வந்திருக்கிறது. 'நில அபகரிப்பு' என்றால் என்ன என்று சரியாக வரையறுக்கவில்லை என்று கூறி, அந்தத் தனிப் பிரிவுகளை அமைத்த அரசாணையை 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் தமிழக அரசு பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்றது. நிறையப் பேர் மனு போட்டார்கள். சொத்து யாருடையது என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்று 2024-இல் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று கூறிவிட்டது. அதே 2022-இல், பதிவுக்கு முந்தைய அசல் பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்று கொண்டுவந்த 55-ஏ விதியையும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாதது ஆக்கியது. நீதிமன்றங்கள் சொன்ன காரணங்களில் நியாயம் இருக்கலாம். ஆனால் எழுபது வயதில் வழக்குப் போடுகிறவருக்கு அது நீண்ட பாதை.

ரேகையின் கதையும் அதோடு முடியவில்லை. 2018-இல் தெலங்கானாவில் ஒருவர் பிடிபட்டார். இணையத்தில் கிடைத்த பதிவுப் பத்திரங்களிலிருந்து மற்றவர்களின் கைரேகையை எடுத்து, ரப்பரில் வார்த்து, அவர்கள் பெயரில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்திருக்கிறார். அதே தந்திரத்தால் ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் எடுத்த வழக்குகளும் பிறகு வந்தன. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கப் பத்திரத்தில் வைத்த ரேகையே திருட்டுப் பொருளாகிவிட்டது. ஹெர்ஷல் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ!

கடைசியாக, நண்பரின் அனுபவத்திலிருந்து நம் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள்.

மனை சும்மா கிடந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வில்லங்கம் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பேரன் பேத்தியிடம் சொன்னால் பத்து நிமிட வேலை. சார்பதிவாளர் அலுவலக எல்லைகள் மாறியிருக்கும். பழைய அலுவலகம், புதிய அலுவலகம் இரண்டிலும் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் கொடுத்தால், குறுக்கே எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். யாரிடம் கொடுத்தோம் என்று டைரியில் குறித்து வையுங்கள். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. சான்று கொடுக்கும்போது மட்டும் திறந்துகொள்ளலாம்.

அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால் யாருக்கும் போன் போடாதீர்கள். முதலில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். புகைப்படம், சாட்சிகளின் பெயர், எழுதியவர் பெயர், பதிவு நாளன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ஆதாரம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். காவல்துறைக்கும் பதிவாளருக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போன இடத்தில் ரேகையை ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். உறவினர் மேல் சந்தேகம் இருந்தால், 'இன்னார்தான் செய்தார்' என்று எழுதாமல், 'இன்ன தேதியில் இன்னாரிடம் நகல் கொடுத்திருந்தேன்' என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை. வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. வங்கிப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

தெரிந்தவர் செய்திருக்கலாம் என்று நினைப்பதில் தப்பில்லை. பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் அந்தத் தெரிந்தவர் யார் என்பதை நம் கோபம் சொல்லக் கூடாது, ஏடு சொல்ல வேண்டும். ஜல்பைகுரியில் அந்தச் சமையல்காரரைக் காப்பாற்ற ஒரு பஞ்சாங்க அட்டை இருந்தது. நண்பரின் அக்கா மகனைக் காப்பாற்றவும் ஒரு பக்கம் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

வங்கியில் அந்த அம்மாளுக்கு அன்று என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விரல் ஒத்துவரவில்லை என்று, அந்தப் பெண் தன் போனில் அவர் முகத்தைக் காட்டச் சொல்லிப் பதிவு செய்தாள். 2021-லிருந்து இப்படி ஒரு வசதி இருக்கிறது. அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. "இப்பவாவது நான்தான்னு ஒத்துக்கிச்சே" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.